சந்தனம் வைத்த அடுப்பு

பர்மாவின் யங்கோனுக்கு வந்த புதிதில் எனக்கு விளங்காமல் போனது தெருவே சேர்ந்து எழுப்பும் ஒரு கூச்சல். "மீ லா ப்யீ!" என்று மாடிக்கு மாடி குரல் கேட்கும். மின்சாரம் வந்துவிட்டதாம்; 'மீ' என்றால் நெருப்பும்தான். தூத்துக்குடியில் கரண்ட் போனால் கத்துவோம். இங்கே வந்தால் கத்துகிறார்கள். போவது இங்கே யாருக்கும் செய்தியே இல்லை. கல்யாணமாகித் தாமுவே பேட்டையில் குடியேறிய சில மாதங்களில் நானும் பால்கனிக்கு ஓடிப்போய்க் கத்தப் பழகிவிட்டேன்.

மின்சாரத்தை நம்பிச் சமைக்க முடியாது என்று பெல்லட் அடுப்பு வாங்கி வந்தவர் என் மாமனார். நெல் உமியை இறுக்கிச் சுண்டுவிரல் தடிமனில் செய்த துண்டுகள்தாம் பெல்லட். உள்ளே ஒரு தகரக் குடுவையில் அவற்றை நிரப்பி மேலே தீ மூட்டினால், அடியில் இருக்கும் பேட்டரி விசிறி காற்றை ஊதும். புகையில்லாமல் நீலமாக எரியும். மூன்றாம் மாடிக்குப் பெல்லட் மூட்டையைப் பால்கனிக் கயிற்றில் கட்டி இழுப்பதும், அடுப்பைக் கழற்றிச் சுத்தம் செய்வதும் அவர் வேலை. வேறு யாரையும் தொட விடமாட்டார். அவர் தாத்தா ரயில்வே வேலைக்கு இங்கே வந்தவர். இயந்திரம் என்றால் அந்தக் குடும்பத்துக்கே ஒரு கிறுக்கு.

அவர் போய் ஒரு வருஷம் ஆகிறது. அத்தை பர்மியப் பெண். மாமாவோடு வாழ்ந்து தமிழ் கற்றவர். திதிக்குப் பதில் பிக்குவை வீட்டுக்கு அழைத்துச் சாப்பாடு போடுவது என்று முடிவு செய்தார். மாமாவுக்குப் பிடித்த கத்தரிக்காய்ப் புளிக்குழம்பும் பருப்பும், அதுவும் அவர் வாங்கிய அடுப்பில்தான் ஆகவேண்டும் என்பதில் மட்டும் அத்தை உறுதியாக இருந்தார். பிக்குகள் உச்சிப்பொழுது தாண்டினால் உண்ணமாட்டார்கள். தாமதமானால் வருகிற பிக்கு வாழ்த்திவிட்டுப் பட்டினியாகத்தான் திரும்புவார்.

அதனால் முந்தின நாள் வெள்ளிக்கிழமை, முதல்முறையாக நானே அடுப்பைக் கழற்றினேன். சாம்பலைக் கொட்டி, குடுவையின் துவாரங்களைக் குத்தி, வெளி உடம்பைத் தேய்த்துத் துடைத்தேன். அம்மா வெள்ளிதோறும் கேஸ் அடுப்பைக் கழுவித் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைப்பாள். பொட்டு வைத்தால்தான் அவளுக்குச் சுத்தம் செய்த வேலை முடியும். எனக்கும் அந்தக் கை. அடுப்பின் முகப்பில் வரிசையாக மூன்று சின்னத் துளைகள் இருந்தன. பொட்டு வைக்கவே செய்தது போல! ஊரிலிருந்து கொண்டுவந்த சந்தனத்தில் மிஞ்சியதையெல்லாம் குழைத்து மூன்றிலும் தாராளமாக அப்பி, நடுவில் குங்குமமும் வைத்தேன். அடுப்பு லட்சணமாக இருந்தது.

காலையில் தீ மூட்டினால் புகை. வீடு நிறைந்த புகை. நீலச் சுடர் வரவேயில்லை. கணவர் பிக்குவை அழைத்துவரப் போயிருந்தார். மின்சாரமும் இல்லை. பேட்டரியை மாற்றிப் பார்த்தேன், ஊதாங்குழலால் ஊதிப் பார்த்தேன். அத்தை பக்கத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டே நின்றார். புகையா அழுகையா என்று எனக்குத் தெரியவில்லை, கேட்கவும் துணிவில்லை. பேசாமல் இருந்த அடுப்பைக் கழற்றிக் கெடுத்துவிட்டேனே என்று மறுபடியும் குனிந்து ஊதினேன்.

புகையைப் பார்த்துக் கீழ்வீட்டு மா கின் ஓடிவந்தார். அவர் வீட்டிலும் இதே அடுப்பு. கன்னமெல்லாம் தனாக்கா, இங்கே பெண்கள் மரக்கட்டையை அரைத்துப் பூசும் வெளிர்மஞ்சள் பூச்சு; கையில் அவர் அடுப்பின் குடுவை.

"பயப்படாதே ஞீமா, பாத்துக்கலாம்" என்றார் பர்மிய மொழியில். ஞீமா என்றால் தங்கச்சி.

ஒரு பெல்லட்டை ஒடித்துப் பார்த்தார், ஈரமில்லை. தன் குடுவையைப் பொருத்திப் பார்த்தார், அதிலும் புகை. அப்படியானால் கோளாறு குடுவையில் இல்லை. குடுவையைத் தூக்கி, விசிறிப் பக்கம் கையை நீட்டிப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தார். விசிறி சுற்றியது, காற்றுதான் வரவில்லை. அடுப்பைச் சுற்றிச் சுற்றி வந்தார். பின்பக்கம், அடிப்பக்கம், விளிம்பு எல்லாம் தடவினார். முகப்புக்கு வரும்போது மட்டும் கையை இழுத்துக்கொண்டார். அங்கே பழுதிருக்க வாய்ப்பில்லை போலும் என்று நானும் இருந்துவிட்டேன்.

வெயில் பால்கனிக் கம்பியைத் தாண்டி உள்ளே ஏறிக்கொண்டிருந்தது. "இன்னும் எதைத்தான் பார்க்கலை?" என்று கேட்டேன், அழுகை முட்ட.

மா கின் தயங்கினார். "அந்தச் சிவப்பு இடம். அது உங்க சாமி இருக்கற இடமாச்சே. நான் எப்படித் தொடறது?"

"அதுல என்ன இருக்கு?"

"என் அடுப்புல அது வழியாத்தான் விசிறிக்குக் காத்து போகுது. உங்க வழக்கப்படி ஏதோ வேண்டுதலுக்கு மூடியிருக்கேன்னு நினைச்சேன்."

நான் பக்தியாக அடைத்துவைத்தேன். அவர் மரியாதையாக விட்டுவைத்தார். நடுவில் மாமாவின் சாப்பாடு புகைந்துகொண்டிருந்தது. வளையலில் மாட்டியிருந்த ஊக்கைக் கழற்றி, இறுகிப்போன சந்தனத்தைக் குத்திக் குத்தி எடுத்தேன். மூன்றாவது துளை திறந்ததும் புஸ்ஸென்று ஒரு மூச்சு. நீலச் சுடர் வட்டமாக எழுந்தது. வீடு முழுக்கச் சந்தன வாசம். "மீ லா ப்யீ!" என்று கத்தினேன். இரண்டு பேரும் சிரித்துவிட்டார்கள்.

"ஒங்க மாமா லேசுல சாப்பிட்டுருவாரா? எப்பவும் இப்பிடித்தான், எல்லாரையும் அலைய வெச்சுட்டுத்தான் உக்காருவாரு" என்றார் அத்தை. அப்போதுதான் அவர் வாய்விட்டு அழுதார். மா கின் தன் சமையலை மறந்து எனக்குக் கத்தரிக்காய் நறுக்கித் தந்தார்.

உச்சிப்பொழுதுக்கு முன்பே பிக்கு சாப்பிட்டு முடித்தார். புண்ணியத்தை மாமாவுக்குச் சேர்க்க அத்தை நீர் வார்த்தபோது, எங்கள் வீடுகளில் எள்ளும் நீரும் விடுவது நினைவுக்கு வந்தது. இந்த வீட்டில் எனக்கும் பிடி கிடைத்துவிட்டது என்று முதன்முதலாகத் தோன்றியது.

சாயங்காலம் ஆறிய அடுப்பைத் துடைத்தேன். பொட்டில்லாமல் மூளியாக இருந்தது. சந்தனமோ தீர்ந்துவிட்டது. என் முகத்தைப் பார்த்த மா கின் கீழே போய்த் தன் தனாக்காக் கல்லைத் தூக்கிவந்தார். கட்டையை நீர் தெளித்து அரைத்து, அடுப்பின் பக்கவாட்டைத் தட்டிக் காட்டினார். "இங்க வை. இங்க துளை இல்லை." வைத்தேன். நடுவில் தூத்துக்குடிக் குங்குமம்.

அன்று அம்மா வீடியோவில் வந்தாள். அடுப்பைக் காட்டினேன்.

"சந்தனம் என்னடி இப்படி வெளுத்துக் கெடக்கு? எந்தக் கடைல வாங்குன?"

"கடைல இல்லம்மா. கீழ்வீட்டு அக்கா அரைச்சுக் குடுத்தாங்க."