கையெழுத்து விழாத பதிமூன்று பக்கங்கள்

சுடர்விழியும் நானும் ஒரே நாளில் அப்ரண்டிஸாகச் சேர்ந்தவர்கள். விராலிமலைப் பக்கம், பாய்லர் பாகங்கள் செய்கிற ஒரு சின்னக் கம்பெனி. இரண்டு பேருமே ஐடிஐயில் வெல்டர் படித்தவர்கள். மாதாமாதம் உதவித்தொகை தந்து ஒரு வருடம் வேலை கற்றுக்கொடுப்பார்கள். கடைசியில் ஒரு பரீட்சை, பாஸானால் சர்டிபிகேட். நான் செம்மல், அறந்தாங்கிக்காரன். அவள் குன்றாண்டார்கோவில் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பெண்.

கற்றுக்கொடுப்பார்கள் என்றா சொன்னேன்? முதல் நாளே ஃபோர்மேன் பாலாஜி சார் என் கையில் டீ கேனைக் கொடுத்தார். அவள் கையில் பெயின்ட் பிரஷ். பொம்பளைப் பிள்ளை முகத்தில் ஒரு பொறி பட்டுவிட்டால் நாளைக்கு யார் கட்டிக்கொள்வான் என்று அவருக்குக் கவலை. என் முகத்தைப் பற்றி யாருக்கும் ஒரு கவலையும் இல்லை, ஆனாலும் எனக்கு டீ கேன்தான்.

அப்ரண்டிஸ்களுக்கு ஒரு டைரி உண்டு. வாரத்துக்கு ஒரு பக்கம். கற்றுக்கொண்ட வேலையை நாங்கள் எழுத வேண்டும், சனிக்கிழமை ஃபோர்மேன் கையெழுத்துப் போட வேண்டும். கையெழுத்தில்லாத பக்கம் இருந்தால் பரீட்சைக்கு அனுப்ப மாட்டார்கள். முந்தைய செட் பையன்கள் விட்டுப்போன ஒரு பழைய டைரியைப் பார்த்துக் காப்பி அடிப்பதுதான் அங்கே வழக்கம். நானும் வெட்கமில்லாமல் அடித்தேன். என் டைரியைப் படித்தால், மூன்றே மாதத்தில் நான் ஒரு கப்பலையே வெல்டிங் செய்து முடித்திருப்பேன்.

சுடர்விழி இப்படி எழுதினாள்: "திங்கள், தூண்களுக்குப் பெயின்ட் அடித்தேன். செவ்வாய், பெயின்ட். புதன், செம்மல் லீவு, நான் டீ வாங்கினேன். வெல்டிங் எதுவும் செய்யவில்லை."

பாலாஜி சார் டைரியைத் தள்ளிவிட்டார். அடுத்த வாரமும் அதேபோல எழுதினாள், அவரும் அதேபோலத் தள்ளினார். இப்படியே பதிமூன்று வாரம். எனக்கு அவள் மேல்தான் எரிச்சலாக வந்தது. நாலு வரி காப்பி அடித்தால் முடிகிற காரியம். இவள் மட்டும் என்ன வானத்திலிருந்து குதித்தவளா? அவள் எழுதுவதைப் பார்க்கும்போதெல்லாம் என் டைரியைப் பைக்குள் தள்ளிக்கொண்டேன்.

சார் அவளுடைய அப்பா ஆண்டியப்பனுக்குப் போன் போட்டு வரச்சொன்னார். நடவு வேலையைப் போட்டுவிட்டு மனிதர் பஸ் ஏறி வந்தார். கேட்டுக்குப் பக்கத்தில் நின்று, எல்லாரும் எழுதுகிற மாதிரி எழுதிவிட்டால் என்ன, கொஞ்சம் அனுசரித்துப் போகக் கூடாதா என்று மகளிடம் கெஞ்சினார்.

"அனுசரிச்சா சர்டிபிகேட் வரும்ப்பா, வேலை வராது" என்றாள் அவள்.

மூன்று மாதத்துக்கு ஒரு முறை டைரிகளை மேனேஜர் பார்த்து, நகல் எடுத்து அரசாங்க ஆபீஸுக்கு அனுப்ப வேண்டும். அவளுடையதைப் பார்த்த மேனேஜருக்கு வேர்த்துவிட்டது. ஃபோர்மேனையும் அவளையும் கூப்பிட்டு, எல்லாவற்றையும் மாற்றி எழுதச் சொன்னார். ஷெட்டில் கிரைண்டர் சத்தம் நின்றுவிட்டது. எல்லாரும் வேலை செய்கிற பாவனையில் காதை அங்கே வைத்திருந்தோம்.

"எழுதுனதை மாத்த மாட்டேன் சார். வேலையை மாத்துங்க, எழுத்து தானா மாறிரும்."

அவளுடைய டைரி நகலை மட்டும் மேனேஜர் அனுப்பாமல் நிறுத்திவைத்தார். மறுநாள் அவளுக்கு ஒரு வெல்டிங் செட், கண்ணாடி மாட்டிய ஷீல்டு, தோல் கையுறை எல்லாம் வந்தது. அந்த வாரம் டைரியில், "மூன்று ஜாயின்ட் போட்டேன், மூன்றும் ஓட்டை" என்று எழுதினாள். அந்தப் பக்கத்தில் பாலாஜி சார் படு சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டார். ஆனால் இரண்டு மாதத்தில் ஓட்டை நின்றது. ஆறாவது மாதம் தலைக்கு மேலே பைப்பை வைத்து வெல்டிங் செய்தாள். நான் ஓரமாக நின்று பார்த்தேன். பொறாமையாகத்தான் இருந்தது.

பரீட்சைக்குப் பெயர் அனுப்பும் நாள் வந்தது. முதல் பதிமூன்று பக்கங்களில் அப்போதும் கையெழுத்து இல்லை. பாலாஜி சார் ஒரு புது டைரியை நீட்டினார். முதல் மூன்று மாதத்தை மட்டும் என் டைரியைப் பார்த்தும், மீதியை அவளுடைய பழையதைப் பார்த்தும் எழுதிக்கொள்ளச் சொன்னார். சாயங்காலத்துக்குள் டைரி போகாவிட்டால் அவளுக்கு அந்த வருடம் பரீட்சை கிடையாது. அவளுக்கு வேலை தெரியும் என்று அங்கிருந்த எல்லாருக்கும் தெரியும். புது டைரியை வாங்கிவிடு என்று நான்கூடக் கண்ணைக் காட்டினேன்.

அவள் வாங்கவில்லை. பழைய டைரியின் முதல் பக்கத்தைப் பிரித்து அவர் முன்னால் வைத்து, பக்கத்தில் பேனாவையும் வைத்தாள். அவள் பரீட்சைக்குப் போகாவிட்டால் ஏன் என்று அரசாங்க ஆபீஸிலிருந்து கேள்வி வரும், கேள்வி வந்தால் அந்த டைரியைத்தான் கேட்பார்கள். அது அவருக்கும் தெரியும். உட்கார்ந்து வரிசையாகக் கையெழுத்துப் போட ஆரம்பித்தார். பதினோராவது பக்கத்தில் பேனா நின்றது. சாருடைய பைக்கைக் கழுவியது, சார் வீட்டு கேஸ் சிலிண்டரை மாடிக்குத் தூக்கியது என்று அந்த வாரம் முழுக்க எழுதியிருந்தாள்.

"இதையாவது கிழிச்சிரும்மா" என்றார் மெதுவாக.

"அந்த வாரமும் நான் வெல்டிங் கத்துக்கத்தான் சார் வந்தேன்" என்றாள் சுடர்விழி. "போடுங்க."

போட்டார்.