முனியாண்டிக்கு அடிக்காத ஹார்ன்

அந்த மனிதரை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. கல்யாண வீட்டில் எதிரே வந்தால் சிரிப்பேன், சாப்பிட்டீர்களா என்று கேட்பேன். அவர் இலைக்கு வருவதற்குள் அப்பளம் தீர்ந்துபோனால் உள்ளுக்குள் சந்தோஷப்படுவேன். எனக்கு அவ்வளவு கோபம்.

தொண்ணூறுகளின் கடைசியில் மலாக்கா டவுனில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் வேலை செய்தேன். முன்பக்கம் விற்பனை, பின்பக்கம் பையன்கள் மணிக்கணக்கில் கேம் விளையாடும் இடம். கடை ஒரு சீன முதலாளியுடையது; தவுக்கே என்போம். எங்களை மேய்த்தது அவருக்குக் கீழே இருந்த சூப்பர்வைசர். தமிழர்தான், டவுனிலேயே பிறந்து வளர்ந்தவர். எல்லாருக்கும் அவர் அண்ணன். நான் குருபோங் பக்கத்து எஸ்டேட்டிலிருந்து பஸ் பிடித்து வருகிறவள். அப்பா அங்கே ரப்பர் பால் லாரி ஓட்டினார்.

கடையில் ஒரு கார் பந்தய கேம் சக்கைப்போடு போட்டது. வெளிநாட்டுச் சாலை, வெளிநாட்டு மரம், பனி. அந்த கேமுக்குள் நாமே செய்த சின்னச் சின்ன ஃபைல்களைப் போடலாம். கேம் ஆரம்பிக்கும்போது அவற்றையும் சேர்த்துப் படித்துக்கொள்ளும். பிளகின் என்பார்கள். வேலை முடிந்து பஸ்ஸுக்குக் காத்திருக்கும் நேரத்தில் ஒவ்வொன்றாகச் செய்தேன். ஒன்று பனியை எடுத்துவிட்டு எங்கள் செம்மண் சாலையைப் போட்டது. இன்னொன்று ரப்பர் மரங்களை நட்டது. அடுத்ததுதான் என் செல்லம்: முனியாண்டி கோயில்.

எங்கள் பக்கத்து லாரிக்காரர்கள் முனியாண்டியைத் தாண்டும்போது ஹார்ன் அடிக்காமல் போகமாட்டார்கள். அப்பா வேகத்தைக் குறைத்து, வாயில் இருக்கும் சிகரெட்டையும் எடுத்துவிட்டுத்தான் அடிப்பார். என் கேமிலும் அதுதான் சட்டம். ஹார்ன் அடிக்காமல் கோயிலைத் தாண்டினால் அடுத்த வளைவில் இஞ்சின் நின்றுவிடும். பையன்கள் இதற்காகவே கடைக்கு வந்தார்கள்.

செய்வதைவிட அதைக் காப்பாற்றுவதுதான் பெரும்பாடு. கேம் கம்பெனி அவ்வப்போது ஒரு திருத்தம் விடும். பத்திரிகையோடு வரும் சிடியில் இருக்கும். அதைப் போட்டதும் என் ரப்பர் மரங்கள் தரையிலிருந்து ஒரு முழம் மேலே மிதக்கும், அல்லது கோயில் சாலைக்கு அடியில் புதைந்துவிடும். பழைய ஃபைலையும் புதிய ஃபைலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எந்த வரி மாறியிருக்கிறது என்று தேடுவேன். அவர்கள் எதை மாற்றினார்கள், அதற்காக நான் எதை மாற்ற வேண்டும், நான் மாற்றுவதால் வேறு எது கெடும் என்று பார்த்துப் பார்த்துச் செய்வேன். முடிந்ததும் ஒரு குறிப்பு ஃபைல் எழுதிச் சேர்த்துவைப்பேன். மேலே என் பெயர், கீழே இந்த முறை என்ன மாறியது என்ற விவரம். கேமின் முதல் திரையிலும் என் பெயர் இருந்தது.

ஒரு நாள் அந்தத் திரையில் அண்ணன் பெயர் இருந்தது. குறிப்பு ஃபைலையும் காணோம். நேராகப் போய்க் கேட்டேன்.

“எல்லாரும் நம்ம கடை கேம்னுதானே லா சொல்றாங்க. யார் பேரு இருந்தா என்ன?” என்றார்.

“அப்ப என் பேரே இருக்கட்டும்ணே.”

“பொம்பளப் பிள்ள செஞ்ச கார் கேம்னா எவன்மா விளையாடுவான்? அத விடு. அடுத்த அப்டேட் எப்ப தர்ற?”

பெயரை எடுத்ததைக்கூடப் பொறுத்திருப்பேனோ என்னவோ, அந்தக் கடைசிக் கேள்வியைப் பொறுக்க முடியவில்லை. தவுக்கேயிடம் சொன்னேன். கம்ப்யூட்டர் ஓடுகிறதா என்று கேட்டார். ஓடுகிறது என்றேன். அப்புறம் என்ன என்றார்.

அதற்குப் பிறகு நான் வாயைத் திறக்கவில்லை. அப்டேட் செய்வேன், குறிப்பு எழுதுவேன். அண்ணன் மொத்தத்தையும் தன் கம்ப்யூட்டருக்கு எடுத்துக்கொண்டு, முதல் திரையில் தன் பெயரைப் போட்டு, குறிப்பு ஃபைலை அழிப்பார். ஒரு தடவையாவது அதைத் திறந்து பார்த்ததில்லை. நானும் பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்தச் சமயத்தில்தான் எஸ்டேட்டை விற்றார்கள். தொழிற்சாலை வரப்போகிறது என்று மரங்களை வெட்டினார்கள், எங்களைப் பக்கத்தில் புதிதாகக் கட்டிய தாமான் குடியிருப்புக்கு மாற்றினார்கள். முனியாண்டியையும் பூஜை போட்டுப் பழைய மரத்தடியிலிருந்து எடுத்து, தாமான் நுழைவாயிலுக்குப் பக்கத்தில் வைத்தார்கள். அப்பா முதல் நாளிலிருந்தே புது இடத்தில் ஹார்ன் அடித்தார்.

தாமான் இளைஞர்கள் தீபாவளி விருந்துக்கு ஏற்பாடு செய்தார்கள். எங்கள் எஸ்டேட்டைக் கேமாகச் செய்தவருக்கு மேடையில் பொன்னாடை போர்த்துவது, பிறகு பெரிய திரையில் அவரே உள்ளூர்ப் பையன் ஒருவனோடு பந்தயம் ஓட்டுவது என்று நிகழ்ச்சி. அழைப்பிதழில் அண்ணன் பெயர் கொட்டை எழுத்தில் இருந்தது.

அப்பா அதை எழுத்துக்கூட்டிப் படித்தார். “இது நீ செஞ்சதுதானம்மா?” என்றார். ஆமாம் என்றேன். அழைப்பிதழை மேசையில் கவிழ்த்துவைத்தார்.

மறுநாள் அண்ணன் வந்து நின்றார். “தங்கச்சி, நம்ம தொகுதி உறுப்பினர், யாங் பெர்ஹோர்மாட்டே வர்றாரு. கேம நல்லா பளபளன்னு ஆக்கிக் குடு.”

ஆக்கிக் கொடுத்தேன். எஸ்டேட் கேம் என்றால் ஊரில் நடந்தது கேமிலும் நடக்க வேண்டும் அல்லவா? பழைய இடத்தில் வெறும் மரத்தை விட்டுவிட்டு, கோயிலைத் தாமான் வாசலுக்குக் கொண்டுபோனேன். ஒரு சட்டத்தையும் சேர்த்தேன். வண்டி நின்றுவிட்டால் பின்னால் மட்டும்தான் உருளும்; கோயில்வரை வந்து, விளக்கை அணைத்து, ஹார்ன் அடித்தால்தான் கிளம்பும். எல்லாவற்றையும் குறிப்பில் தெளிவாக எழுதினேன். சூழ்ச்சி செய்தாள் என்று நாளைக்கு யாரும் என்னைச் சொல்லக்கூடாது.

பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அண்ணன் குறிப்பைத் திறக்காமலேயே அழித்தார். எனக்குக் கைதட்ட வேண்டும் போல இருந்தது.

விருந்தன்று மத்தியானம் மண்டபத்தில் நிற்க இடமில்லை. பொன்னாடை போர்த்தினார்கள். அண்ணன் மைக்கைப் பிடித்து, இந்த கேமுக்காகத் தான் பட்ட பாட்டையெல்லாம் சொன்னார். நான் பட்ட பாடு அது. பிறகு பொன்னாடையோடும் மைக்கோடும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். திரை இரண்டாகப் பிரிந்தது. ஒரு பாதியில் அவர் கார், மறுபாதியில் தாமான் பையனின் கார்.

அண்ணன்தான் முன்னால் போனார். பழைய மரம் வந்ததும் பக்தியோடு ஹார்ன் அடித்தார்.

“அண்ணே, சாமி அங்க இல்லண்ணே!” என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. மண்டபமே சிரித்தது. அவருக்கு ஏன் சிரிக்கிறார்கள் என்று புரியவில்லை. தாமான் வாசலில் இருந்த புதுக் கோயிலைப் பறந்துகொண்டே தாண்டினார். அடுத்த வளைவில் இஞ்சின் நின்றது. பின்னால் வந்த பையன் கோயிலில் ஹார்ன் அடித்துவிட்டு அவரைத் தாண்டிப் போய் ஜெயித்தான்.

அண்ணன் தட்டாத பட்டன் இல்லை. வண்டி முன்னால் ஓரடிகூட நகரவில்லை. யாங் பெர்ஹோர்மாட் குனிந்து, நீங்கள் செய்ததுதானே, சரிசெய்ய முடியாதா என்று கேட்டார். அண்ணன் கூட்டத்தில் என்னைத் தேடினார்.

“தங்கச்சி, என்னன்னு வந்து பாரு.”

நான் இருந்த இடத்திலேயே இருந்தேன். “நீங்க செஞ்சதுதானேண்ணே. நீங்களே பாருங்க.”

“விளையாடாத லா! நீதானே செஞ்ச!”

மைக் அவர் கையிலேயே இருந்தது. மண்டபத்தின் கடைசி வரிசைவரை கேட்டது. எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள். பிறகு அப்பா எழுந்து நின்று, “போம்மா, உன் வண்டிய எடுத்துக் குடு” என்றார்.

மேடைக்குப் போனேன். வண்டியைக் கோயில்வரை பின்னால் எடுத்து, விளக்கை அணைத்து, ஹார்ன் அடித்தேன். இஞ்சின் உறுமியதும் தாமானே கூச்சல் போட்டது. அண்ணன் மைக்கைப் பொத்திக்கொண்டு கேட்டார்: “என்னத்த மாத்துன? சொல்லியிருக்கலாமில்ல?”

“எல்லாம் எழுதித்தானே வெச்சிருந்தேண்ணே,” என்றேன். “என் பேருக்குக் கீழ.”

பொன்னாடையை யாரும் திரும்பக் கேட்கவில்லை. அந்தப் புழுக்கத்தில் அவரே போர்த்திக்கொண்டு நிற்கட்டும் என்று நானும் விட்டுவிட்டேன்.