எஸ்தரின் தப்பு போர்டு

ஆரம்பாக்கத்தில் காலை ஷிப்ட் பஸ் கிளம்பும் முன்பு சேதி வந்தது. டிரைவர் போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டு, "எஸ்தரக்கா போய்ட்டாங்களாம். நெஞ்சு வலியாம்" என்றார். வண்டி முழுக்க அடங்கிப் போனது. நான் போனால் இந்த வண்டி இப்படி அடங்குமா என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. அழுகை அதற்குப் பிறகுதான் வந்தது.

எங்கள் இருவரையும் அறிந்தவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்காது. டிப்ளமோ முடித்து, தேர்வாய் கண்டிகையில் மின்விசிறிக்கு சர்க்யூட் போர்டு செய்யும் எங்கள் கம்பெனியில் ஒரே நாளில் சேர்ந்தோம். அவள் டெஸ்டிங் பிரிவுக்கு லீடர் ஆனாள். நான் அவளுக்குக் கீழே. இறந்தவரை 'அவர்' என்று எழுதுவதுதான் மரியாதை. எனக்குக் கை வரவில்லை.

போர்டிலுள்ள சிப்புக்குள் புரோகிராமை ஏற்றுவது எங்கள் வேலை. சரியாகப் பதிந்ததா என்று மெஷின் அதைத் திரும்பப் படித்து, மூல ஃபைலோடு ஒப்பிடும். பொருந்தினால் பச்சை விளக்கு, இல்லாவிட்டால் சிவப்பு. பச்சை எரிந்தால் நாங்கள் பெட்டியில் அடுக்கிவிடுவோம். எஸ்தர் மட்டும் காலையில் வந்ததும், வேண்டுமென்றே தப்பான புரோகிராம் ஏற்றிய ஒரு போர்டை மெஷினில் வைப்பாள். அதன் மூலையில் நகப்பாலிஷால் ஒரு பொட்டு இருக்கும். சிவப்பு எரிந்த பிறகே எங்களை வேலை தொடங்க விடுவாள்.

"தப்ப தப்புன்னு சொல்லத் தெரிலன்னா, அது சரின்னு சொல்றத எப்டி நம்புறது?" என்பாள்.

ஒரு நாள் அந்தத் தப்பு போர்டுக்கும் பச்சை எரிந்தது. முந்தின ஷிப்டில் யாரோ செட்டிங்கை மாற்றி, ஒப்பிடுவதையே நிறுத்தி வைத்திருந்தார்கள். மேனேஜர் எல்லோர் முன்னாலும் அவளைப் புகழ்ந்தார். எனக்கு அன்று நாஷ்டா இறங்கவில்லை. இவ்வளவு சாதாரணமான யோசனை, எனக்கு ஏன் வராமல் போனது?

பிறகு ஒரு புது மாடலுக்கு, ஒப்பிடும் புரோகிராமை அவளே எழுதினாள். பார்த்தவர்கள் எல்லோரும் "சூப்பர்க்கா" என்றார்கள். அதன் பிறகும் என்னிடம் கொண்டுவந்து, "பாத்துச் சொல்லுடி" என்றாள். சோற்றைத் தள்ளி வைத்துவிட்டுக் குறை தேடினேன். கிடைத்தது. சிப்பின் கடைக்கோடியில், செட்டிங்குகள் மட்டும் தனியாகப் பதியும் ஒரு சின்னப் பகுதி உண்டு. அதை அவள் ஒப்பிடவே இல்லை.

கேன்டீனில் நாலு பேர் காதில் விழும்படி, "இன்னா எஸ்தரு, வால உட்டுட்டியே" என்றேன். அவள் முகம் சுருங்குவதைப் பார்க்க ஆசையாக இருந்தது. அவளோ சிரித்தாள். அன்றே திருத்தினாள். சோதிக்க வந்த வாடிக்கையாளர் அந்தப் பகுதியைத்தான் குடைந்து பார்த்தார். எல்லாம் பொருந்தியது. கைதட்டல் அவளுக்கு.

திரும்பும்போது பஸ்ஸில் பொறுக்க மாட்டாமல் கேட்டேன். "அதான் எல்லாரும் சூப்பர்னாங்களே. அப்புறம் எதுக்கு எங்கிட்ட குட்த்த?"

"அவங்களுக்கு எம்மேல பாசம். உனக்கு வயித்தெரிச்சல். உன்ன மாதிரி உத்து பாக்க வேற யாரு கீறா?"

"தெரிஞ்சுக்கினுதான் இருந்தியா?"

"சேர்ந்த அன்னிலேருந்து. நீ ஒண்ணும் கெடைக்கலன்னு சொன்னாதான் நான் ஊட்டுக்குப் போய்த் தூங்குவேன்" என்றாள்.

அவள் என்மேல் ஒரு நாளாவது கோபப்பட்டிருக்கலாம். அதையும் செய்யாமல் போய்விட்டாள்.

இப்போது அவள் நாற்காலியில் என்னை உட்கார வைத்திருக்கிறார்கள். இத்தனை வருஷமாக நான் கண் வைத்திருந்த நாற்காலி. தப்பு போர்டும் என்னிடம்தான் இருக்கிறது. பொட்டு தேய்ந்திருந்தது, என் நகப்பாலிஷை எடுத்து அதன் மேலேயே புதுப் பொட்டு வைத்தேன்.

போன வாரம், நான் முதன்முதலாக எழுதிய ஒப்பிடும் புரோகிராமை எல்லோரிடமும் கொடுத்தேன். "சூப்பர்க்கா" என்றார்கள். ஒருத்திகூட சோற்றைத் தள்ளி வைக்கவில்லை. எஸ்தருக்கு நான் இருந்தேன். அவள்மேல் எனக்கு இன்னும் மிச்சமிருக்கும் பொறாமை அது ஒன்றுதான்.