பொம்பிளை, இஞ்சை பாருங்கோ

போன சனிக்கிழமை ஸ்காபரோவில் தமிழ்க் கடையில் கருவாட்டுப் பொதி ஒன்று என் கையிலேயே பிரிந்தது. பையின் ஓரம் முன்பே விட்டிருக்க வேண்டும். தூக்கியதும் நாலைந்து துண்டுகள் காலடியில் கொட்டி, மணம் குப்பென்று மேலே வந்தது. பக்கத்தில் நின்ற பெண் மூக்கைப் பொத்திக்கொண்டு விலகினாள். அந்த மணத்தில் உங்களுக்கு ஊர்க் கடற்கரையோ ஒரு குழம்போ ஞாபகம் வரலாம். எனக்குப் பென்குயின் ஞாபகம் வரும். சிரிக்காதீர்கள், உண்மையைத்தான் சொல்கிறேன்.

குனிந்து துண்டுகளைப் பொறுக்கி நிமிர்ந்தால் ரவியைக் காணவில்லை. ரவி என் கணவர். வண்டிலைத் தள்ளிக்கொண்டு பின்னால்தான் வந்தவர். மரக்கறிப் பக்கம் இல்லை, அரிசி மூட்டைப் பக்கமும் இல்லை. வேறு பெண்கள் என்றால் "இஞ்சேருங்கோ" என்று ஒரு குரல் கொடுப்பார்கள், எங்கிருந்தாவது பதில் வரும். எனக்கு வராது. இரண்டு குளிர்காலத்துக்கு முன்னர் தொண்டையில் வந்த கட்டியோடு சேர்த்து அவருடைய குரல்வளையையும் எடுத்துவிட்டார்கள். ஆள் தப்பிவிட்டார், குரல் போய்விட்டது. இப்போது கழுத்திலுள்ள துளையால் மூச்சு விடுகிறார். சொல்ல வேண்டியதைப் போனில் எழுதிக் காட்டுகிறார்.

அவர் ஒரு நிமிடம் கண்ணில் படாவிட்டால் போதும், விழுந்துவிட்டாரோ, மூச்சு அடைக்கிறதோ, கூப்பிடக்கூட முடியாதே என்று மனம் ஓடும். அன்றைக்கும் அப்படித்தான். ஆனால் ஓடித் தேடவில்லை. கருவாட்டுத் தட்டுக்கு முன்னால் அசையாமல் நின்றேன். ஆளை ஆள் தவறவிட்டால் நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும் என்பதைத் தென்துருவத்துப் பனிக் கரையில், பென்குயின்களுக்கு நடுவில் படித்தவள் நான்.

நாங்கள் இருவரும் கலியாண வீடுகளில் படம் எடுப்பவர்கள். நான் படம், அவர் வீடியோ. வெக்ஸ்போர்ட்டில் எங்கள் வீட்டு பேஸ்மென்ற்தான் ஸ்ரூடியோ. ரவியின் கமராவைவிட அவருடைய தொண்டைதான் பேர்போனது. மேளம், நாதஸ்வரம், ஐயரின் மைக், மண்டபம் நிறைந்த சனத்தின் கதை, இத்தனைக்கும் மேலால் "பொம்பிளை, இஞ்சை பாருங்கோ!" என்று மணப்பெண்ணை நோக்கி ஒரு குரல் போகும். முன்வரிசையில் நித்திரை தூங்கி விழும் கிழவர்களும் திடுக்கிட்டு நிமிர்வார்கள். "தலையைக் கொஞ்சம் நிமித்துங்கோ. அப்பிடியே நில்லுங்கோ. அசையாதேங்கோ!" பக்கத்தில் நின்று நான் எத்தனையோ முறை வெட்கப்பட்டிருக்கிறேன். எங்கள் பெயர் மறந்தவர்களும் "அந்தக் கத்துற வீடியோக்காரர்" என்று கேட்டு விசாரித்து வந்துவிடுவார்கள்.

அப்படி வந்தவர்கள்தான் ஒஷாவாவிலிருந்த ஒரு அன்ரியும் அங்கிளும். அவர்களுக்குக் கலியாணமாகி இருபத்தைந்து வருடம். எங்கள் சனம் வயதுக்கு வந்ததைக் கொண்டாடும் சாமத்திய வீட்டுக்குப் பிள்ளையை ஹெலிகொப்டரில் கொண்டுவந்து இறக்கியதையே நான் படம் எடுத்திருக்கிறேன். ஆகவே அன்ரி, "பென்குயினுகளுக்கு நடுவிலை கூறைச்சீலையோடை நிண்டு ஒரு அல்பம் செய்வம் பிள்ளை, நீங்கள் ரெண்டு பேரும் எங்களோடை கப்பலிலை வாங்கோ" என்றபோது எனக்கு ஆச்சரியம் வரவில்லை. பயம் வந்தது.

எனக்கு எதற்குத்தான் பயம் இல்லை? கடல் பயம், உயரம் பயம், பிளேன் பயம். ரொறன்ரோவுக்கு வந்து இவ்வளவு காலமாகியும் நடைபாதை உறைந்து பளபளத்தால் மதிலைப் பிடித்துக்கொண்டுதான் போவேன். ஐஸில் விழாமலிருக்கப் பென்குயின் மாதிரி நடக்கச் சொல்லி இங்கே குளிர்காலத்தில் புத்தி சொல்வார்கள்: காலை அகட்டி, சின்னச் சின்ன அடியாக, கையை விரித்தபடி. அந்த நடையில் நான் ஒரு பென்குயினையும் காணும் முன்பே தேறியவள். ரவி என் முகத்தைப் பார்த்துவிட்டு, "பயப்பிடாதையும், நான் நிக்கிறன்தானே" என்றார். காய்ச்சல் வந்தாலும் கள்ளன் வந்தாலும் அவரிடம் உள்ள ஒரே மருந்து அதுதான்.

தென்னமெரிக்காவின் கடைசி முனையில் கப்பலேறினோம். கப்பல் ஆடிய ஆட்டத்தில் கட்டிலின் விளிம்பைப் பிடித்தபடி எனக்குத் தெரிந்த தேவாரமெல்லாம் பாடி முடித்தேன். பாதியில் அடி மறந்துபோய்த் திரும்ப முதலிலிருந்து தொடங்குவேன். ரவி மேலே போய் இரண்டு தரம் சாப்பிட்டுவிட்டு வந்தார்.

கரையைக் காணும் முன் ஒரு சோதனை நடந்தது. அந்தப் பனி நிலத்துக்கு வெளியிலிருந்து ஒரு விதையோ புல்லோ மண்ணோ போகக்கூடாதாம். உடுப்பின் மடிப்பு, சப்பாத்தின் அடி, பையின் தையல் எல்லாவற்றையும் தூசி உறிஞ்சும் மெசினால் இழுத்தார்கள். மற்றவர்களுக்கு ஒரு நிமிட வேலை. என் கமராப் பையோ எத்தனையோ வருடம் மணவறைக்கு முன்னால் நின்ற பை. எங்கள் கலியாணத்தில் மணமக்களின் தலையில் அறுகரிசி போடுவார்கள் தெரியும்தானே, அறுகம்புல் நுனியும் அரிசியும் மஞ்சளும் கலந்து. அதில் பாதி தலையில் விழும், மீதி படம் எடுப்பவளின் பையில் விழும். கப்பல் உத்தியோகத்தர் ஒருவர் சிறு சாவணத்தால் தையலிலிருந்து மஞ்சள் அரிசியை ஒவ்வொன்றாக எடுத்து வெள்ளைக் கடதாசியில் வைத்தார். பிறகு குங்குமம், காய்ந்த பூவிதழ். வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. விடமாட்டார்கள் என்று ஒரு பக்கம் பயம், விட்டுவிடுவார்களோ என்று மறுபக்கம் அதைவிடப் பெரிய பயம்.

விட்டுவிட்டார்கள். ஆனால் இறங்க வேண்டிய நாளில் அன்ரிக்குத் தலை தூக்க முடியவில்லை. கடல் மயக்கம். அங்கிள் பக்கத்திலிருந்து வாளி பிடித்தார். அன்ரி படுத்தபடியே சொன்னார்: "பரவாயில்லைப் பிள்ளை, பென்குயினை மட்டும் எடுத்துக்கொண்டு வாரும். நடுவிலை எங்கள் ரெண்டு பேருக்கும் இடம் விட்டு எடும். பிறகு ஒட்டலாம்." எங்கள் தொழிலில் இது புதிதில்லை. வரமுடியாத மாமாவை எத்தனையோ குடும்பப் படங்களில் ஒட்டியிருக்கிறேன்.

ரப்பர் வள்ளத்தில் கரைக்குப் போனோம். பென்குயின்களைக் காண முன்பே மணம் வந்துவிட்டது. பார்க்கும் படங்களில் எல்லாம் வெள்ளை வெளேரென்று இருக்கும். கிட்டப் போனால் எச்சத்தால் பனியே ரோஸ் நிறம், கருவாட்டுச் சந்தையும் கழிவறையும் சேர்ந்த மணம். ஆயிரமாயிரமாய் நின்று கழுதை மாதிரிக் கத்துகின்றன. ஒன்று பக்கத்து வீட்டுக் கூட்டிலிருந்து கல்லைக் களவெடுத்துக்கொண்டு ஒன்றும் அறியாத முகத்தோடு போனது. "உவன் எங்கடை ஆள்தான்" என்றார் ரவி. நான் முதல் தடவையாகச் சிரித்தேன்.

வழிகாட்டிப் பெண் கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள்: சிவப்புக் கொடிகள் நட்ட பாதையை விட்டு விலகக்கூடாது, கொடிக்கு அப்பால் பனிக்குக் கீழே வெடிப்புகள் இருக்கின்றன, மேலே பார்த்தால் தெரியாது. பையை நிலத்தில் வைக்கவும் கூடாது. ரவி கீழே முக்காலியில் வீடியோவை ஓடவிட்டுக்கொண்டு நின்றார். நான் கொஞ்சம் மேலே ஏறி, நடுவில் இரண்டு பேருக்கு இடம் விட்டு, பென்குயின்களை எடுத்துக்கொண்டிருந்தேன். லென்ஸ் மாற்றப் பையை நெஞ்சோடு அணைத்துத் திறந்தபோது அடியிலிருந்து ஏதோ பறந்தது. அறுகம்புல் நுனி ஒன்று. அத்தனை சோதனைக்கும் தப்பி, காய்ந்து மஞ்சளாக, பனிமேல் விழுந்தது. நான் குனிய, காற்று அதைத் தள்ளிக்கொண்டு போனது.

அதை விட்டுவிடலாம் என்று தோன்றவேயில்லை. அந்த வெள்ளைக் கடதாசியும் எட்டிப் பார்த்த முகங்களும்தான் கண்ணில் நின்றன. எங்கள் கலியாணப் புல் இந்த நிலத்தில் முளைத்துவிட்டால்? குனிந்தபடி இரண்டடி, இன்னும் இரண்டடி. ஒரு பென்குயினின் காலடியில் அது நின்றதும் பிடித்துவிட்டேன். நிமிர்ந்தால் ஒன்றுமே இல்லை.

உண்மையாகவே ஒன்றுமில்லை. மேகம் மலையிலிருந்து இறங்கி எல்லாவற்றையும் மூடிவிட்டது. வானமும் வெள்ளை, நிலமும் வெள்ளை. கொடி இல்லை, கடல் இல்லை, ரவி இல்லை. என் சப்பாத்து மட்டும் தெரிந்தது. வந்த அடியைப் பார்க்கலாம் என்றால் காற்று அதையும் அழித்துக்கொண்டிருந்தது. கொடிக்கு எந்தப் பக்கம் நிற்கிறேன்? காலுக்குக் கீழே இருப்பது நிலமா, வெடிப்பின் மேல் மூடிய பனியா? "இஞ்சேருங்கோ!" என்று கத்தினேன். எனக்கே கேட்கவில்லை. பென்குயின்களின் கத்தல் நாலு பக்கமும். அப்படி ஒரு பயத்தை நான் அதற்கு முன் அறிந்ததில்லை. கீழே போகும் பக்கம் இதுதான் என்று மனதுக்குப் பட்ட திசையில் ஒரு காலைத் தூக்கினேன்.

அப்போது அந்தக் குரல் வந்தது.

"பொம்பிளை! இஞ்சை பாருங்கோ!"

என் பெயரைக் கூப்பிட்டுப் பார்த்திருக்கிறார், எடுபடவில்லை என்று பிறகு சொன்னார். எடுபட்டது இதுதான். எத்தனையோ மண்டபங்களில் மேளத்தை வென்ற குரல் அல்லவா! "தலையை நிமித்துங்கோ! அப்பிடியே நில்லுங்கோ! அசையாதேங்கோ! ஒரு படம்!"

தூக்கிய காலை எடுத்த இடத்திலேயே திரும்ப வைத்தேன். தலையை நிமிர்த்தினேன். எத்தனையோ மணப்பெண்கள் அந்தக் குரலுக்குச் சிலைமாதிரி நின்றதைப் பார்த்தவள், நானும் நின்றேன். அவர் நிறுத்தவில்லை. "சிரியுங்கோ! சீலையைச் சரிப்படுத்துங்கோ! மாப்பிளை கிட்ட வாங்கோ!" வாய்க்கு வந்ததெல்லாம். நான் அழுதுகொண்டே சிரித்தேன். மேகம் கொஞ்சம் விலகியபோது வழிகாட்டிப் பெண் நீளக் கம்பால் பனியைக் குத்திக் குத்திப் பார்த்தபடி என்னிடம் வந்து சேர்ந்தாள். என் தோளைப் பிடித்தபடி, நான் அடுத்த அடி வைக்க இருந்த இடத்தில் கம்பைக் குத்தினாள். கம்பு ஒரு தடையுமில்லாமல் உள்ளே போனது.

நான் கையை விரித்துப் புல்லைக் காட்டினேன். இதென்ன என்றாள். கலியாணத்தில் தலையில் போடுவது, நீடூழி வாழவேண்டும் என்று, எனச் சொன்னேன். அதைச் சிறு பையிலிட்டு மூடித் தன் பொக்கற்றுக்குள் வைத்துக்கொண்டாள்.

கத்திய கத்தலில் ரவிக்குத் தொண்டை கட்டிவிட்டது. திரும்பும் வழியெல்லாம் கப்பலில் இஞ்சித் தேத்தண்ணியோடு கையால் சைகை காட்டித்தான் பேசினார். எங்களுக்கு அது பெரிய பகிடி. "இப்பதான் வீட்டிலை அமைதி" என்று நான் சொல்ல, அங்கிள் விழுந்து விழுந்து சிரித்தார். சில வருடம் கழித்து, ஒரு கலியாண சீசனின் முடிவில் அவர் தொண்டை மறுபடியும் கட்டியது. கத்துகிறவருக்குத் தொண்டை கட்டாமல் வேறு யாருக்குக் கட்டும் என்று கொத்தமல்லி அவித்துக் கொடுத்தேன். அது கத்தலால் வந்ததில்லை என்று பிறகு தெரிந்தது.

போன சனிக்கிழமை கடையில் நான் நின்ற இடத்துக்கே ரவி வந்தார். மீன் பெட்டிப் பக்கம் நின்றிருக்கிறார். மோதிரத்தால் வண்டிலின் கம்பியில் தட்டினார். என் முகத்தைப் பார்த்ததும் போனை எடுத்து எழுதிக் காட்டினார்: "நான் நிக்கிறன்தானே." கருவாட்டை வண்டிலில் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தோம்.

ஒப்பரேசனுக்குப் பிறகு அந்தக் குரலைத் தேடினேன். பேஸ்மென்ற்றில் ஹார்ட் டிஸ்க்குகள் ஒரு அலுமாரி நிறைய இருக்கின்றன. இந்த நகரத்துக் கலியாணங்களில் பாதி அதற்குள் கிடக்கும். ஒன்றிலும் அவர் இல்லை. வீடியோக்காரனின் கத்தலை வெட்டிவிட்டு மேலே பாட்டுப் போடுவதுதான் எங்கள் வேலை. அதை வெட்டியவரும் அவரேதான், ஒவ்வொரு கலியாணத்திலும், ஒரு சொல் மிஞ்சாமல். வெட்டாத மூலத்தை அழித்து, அந்தக் கமராக் கார்ட்டை அடுத்த கலியாணத்துக்குப் போடுவோம். என் போனில் ஒரேயொரு குரல் தகவல் இருக்கிறது: "கீழை வந்திட்டன், வாரும்." அது சின்னக் குரல். மண்டபத்தை நிமிர வைத்த குரல் அதில்லை.

பென்குயின் வீடியோவும் இருக்கிறது. முக்காலியில் கமரா அன்றைக்கு முழுக்க ஓடியபடிதான் நின்றது. கப்பலிலேயே உட்கார்ந்து அதையும் வெட்டி ஒட்டினார். தொண்டை கட்டியிருந்ததால் அவருக்கு அப்போது குரல் வரவில்லை; ஹெட்போனை மாட்டிக்கொண்டு, கையால் கத்தரிக்கோல் மாதிரிக் காட்டிச் சிரித்துக்கொண்டே வெட்டினார். நேற்றும் அதைப் போட்டுப் பார்த்தேன். திரை முழுக்க வெள்ளை. பென்குயின்கள் சத்தமில்லாமல் வாயைத் திறந்து மூடுகின்றன. மேகம் ஒரு கணம் மெலியும் இடத்தில், மேல் மூலையில், சிவப்பு ஜக்கெற்றோடு ஒரு சின்ன உருவம் ஒற்றைக் காலைத் தூக்கியபடி தெரிகிறது. திடீரென்று காலை வைக்கிறது. தலையை நிமிர்த்துகிறது. அசையாமல் நிற்கிறது. யார் சொல்லி அப்படிச் செய்கிறது என்று பார்ப்பவர்களுக்குத் தெரியாது. அந்த இடத்தில் அவர் போட்ட புல்லாங்குழல் போகிறது.