சம்பந்தி முன்னால் சொல்லாத வியாதி

இரண்டு வருடமாக வயிற்றுத் தோலுக்கடியில் ஓர் ஊசி போட்டுக்கொள்கிறேன். முதலில் வாரம் ஒன்று, பிறகு இரண்டு வாரத்துக்கு ஒன்று, இப்போது மாதம் ஒன்று. எலும்பு மஜ்ஜையில் கெட்டுப்போன அணுக்களைத் தேடிப் பிடிக்கிற மருந்து அது. முழுப் பெயரைச் சொன்னால் நாக்கு சுளுக்கிக்கொள்ளும், வார்டில் எல்லோரும் ‘டரா’ என்றே சொல்வார்கள். நோயின் பெயர் மைலோமா. ரத்தப் புற்றுநோயில் ஒரு வகை. இதை இவ்வளவு நேராக எழுதுவதற்கு எனக்கு இரண்டு வருடம் பிடித்திருக்கிறது. அந்த எரிச்சலோடுதான் எழுதுகிறேன்.

மருந்தின் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. முதல் ஊசியன்று மூக்கடைத்து, குளிர் வந்து, உடம்பைத் தூக்கித் தூக்கிப் போட்டது. தாதிகள் ஓடி வந்து வேறு மருந்து ஏற்றினார்கள், அடங்கிவிட்டது. அதற்குப் பிறகு ஒருமுறைகூட அப்படி வரவில்லை. சளி மட்டும் சட்டென்று பிடித்துக்கொள்ளும், லேசில் போகாது. ஆனால் முதுகெலும்பு நொறுங்குகிற வலியில் கட்டிலை விட்டு இறங்க அழுத நான், நான்காம் மாதம் பாசாருக்குப் போய் மீன்காரரிடம் பேரம் பேசினேன். இது முழுசாகக் குணமாகிற நோய் இல்லை, ஆனால் அடங்கிக் கிடக்கும் என்றார் டாக்டர். அடங்கித்தான் கிடந்தது.

ஊசியோடு ஸ்டீராய்டு மாத்திரையும் உண்டு. அதைப் போட்டால் ஒரு நாள் முழுக்கத் தூக்கம் வராது, கோபம் மட்டும் தாராளமாக வரும். என் கணவருக்கு இது நல்ல வசதியாகப் போய்விட்டது. நான் எதற்குச் சத்தம் போட்டாலும், “மருந்து பேசுது, விடுலா” என்று மகளைப் பார்த்துச் சிரிப்பார். துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டி ஓய்வு பெற்றவர். அத்தனை பெரிய பெட்டிகளை அலுங்காமல் இறக்கி வைத்த மனிதருக்கு ஒரு உண்மையை இறக்கி வைக்கத் தெரியவில்லை.

முதல் ஊசிக்கு முன்பே ஆஸ்பத்திரியில் என் ரத்தத்தை எடுத்து விவரங்களைப் பதிந்துவைத்தார்கள். கையில் ஒரு அட்டையும் கொடுத்தார்கள். இந்த மருந்து உடம்பில் இருக்கும்போது உங்கள் ரத்தத்தை வேறு ரத்தத்தோடு பொருத்திப் பார்த்தால், எதுவுமே சேராததுபோலக் காட்டும், அது மருந்து செய்கிற குழப்பம், எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் வாயைத் திறந்து முதலில் இதைச் சொல்லுங்கள் என்று மருந்தாளுநர் பெண் இரண்டு தடவை சொன்னாள். அட்டையைக் கைப்பையில் வைத்துக்கொண்டேன்.

அப்புறம் மகளுக்கு வரன் வந்தது. நல்ல பையன், நல்ல குடும்பம். பெண்ணின் அம்மாவுக்குக் கேன்சர் என்று தெரிந்தால் பெண்ணுக்கும் வரும் என்பார்கள், நம் ஆட்களுக்குச் சொல்லியா தர வேண்டும் என்றார் கணவர். அப்படி அம்மாவிடமிருந்து மகளுக்கு நேராகப் போகிற வியாதி இல்லை என்று டாக்டர் எங்கள் இருவரிடமும்தான் சொல்லியிருந்தார். இருந்தும், கல்யாணம் முடிகிறவரை எனக்கு ரத்தச்சோகை என்று அவர் முடிவு செய்தார். மகள் முறைத்தாள். நான்தான் அவளை அடக்கினேன். சம்பந்தி அம்மாள் என் ரத்தச்சோகைக்குப் பேரீச்சம்பழமும் பீட்ரூட்டும் வாங்கி அனுப்பினார். வெட்கமில்லாமல் அத்தனையையும் தின்றேன். அவர் எதிரில் பையைத் திறக்கும்போது அட்டை கண்ணில் பட்டுவிடப் போகிறதே என்று அதை எடுத்து அலமாரியில் சேலைகளுக்கு அடியில் வைத்ததும் நான்தான்.

பரிசம் போடுவதற்குப் பத்து நாள் இருந்தது. சேலை எடுக்க லிட்டில் இந்தியாவுக்குப் போனோம், நானும் கணவரும், கூடச் சம்பந்தி அம்மாளும். அதற்கு முந்தின வாரமெல்லாம் நான் முதுகு வலிக்குக் கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டிருந்தேன். டாக்டர் தொடவே கூடாது என்று சொல்லியிருந்த மாத்திரை. கல்யாண வேலையில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்கக் கூடாதே என்ற வீம்பு. கடையில் ஒரு பச்சைப் பட்டுச்சேலையை விரித்துக் காட்டிக்கொண்டிருந்தார்கள். கைக்குட்டையில் வாந்தி எடுத்தேன், எல்லாம் ரத்தம்.

எனக்கு ஊசி போடும் ஆஸ்பத்திரிக்குப் போகாமல், பக்கத்தில் இருந்த இன்னொன்றில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். அந்த மாத்திரை செய்த வேலை, வயிற்றில் புண் உடைந்திருந்தது. உடனே ரத்தம் ஏற்ற வேண்டும். அங்கே இருந்த டாக்டர் ஒரு இளம் பெண், தமிழ்ப் பெண். எங்கள் கெட்ட நேரம். அவள் கேட்டதும் நாங்கள் சொன்னதும் அப்படியே சம்பந்தி அம்மாளின் காதில் விழும். அவர் என் கட்டிலை விட்டு நகரவே இல்லை, என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

வேறு என்ன வியாதி, என்ன மருந்து என்று டாக்டர் கேட்டாள். “ரத்தச்சோகைதான் டாக்டர். இரும்புச் சத்து மாத்திரை சாப்பிடறாங்க” என்றார் என் கணவர். டாக்டர் என்னைப் பார்த்தாள். எனக்கு நினைவு தெளிவாக இருந்தது. வாய் திறந்து பேசவும் முடியும். ஆனாலும் நான் ஆமாம் என்று தலையாட்டினேன். இதை எழுதும்போது அந்தத் தலையைப் பிடித்துச் சுவரில் மோத வேண்டும்போல் இருக்கிறது.

ரத்த வங்கியிலிருந்து முதல் பதில் வந்தது, ஒன்றும் சேரவில்லை. மறுபடி ஊசி குத்தி ரத்தம் எடுத்தார்கள். மறுபடியும் சேரவில்லை. முன்பு எப்போதாவது ரத்தம் ஏற்றினார்களா, ஏதாவது விசேஷ மருந்து உண்டா என்று டாக்டர் மூன்றாவது தடவை கேட்டபோது எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது, நாக்கு புரளவில்லை. சொல்ல நினைத்தேன், சத்தியமாக நினைத்தேன். சொல்லும் சக்தி அப்போது என்னிடம் இல்லை. சக்தி இருந்தவர் சம்பந்தியைப் பார்த்தார், தரையைப் பார்த்தார், “ஒண்ணும் இல்லை டாக்டர்” என்றார். பொருந்தாத ரத்தத்தை ஏற்றினால் ஆபத்து, ஏற்றாமல் விட்டாலும் ஆபத்து, இன்னும் கொஞ்ச நேரம்தான் பார்ப்போம் என்று டாக்டர் யாரிடமோ சொன்னது கேட்டது.

மகள் கடலுக்கு அந்தப் பக்கம், புக்கிட் தெங்காவில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறாள். தகவல் கிடைத்ததும் புறப்பட்டவள் கடல் பாலத்தில் ஜாமில் மாட்டிக்கொண்டு, வந்து சேர மதியமாகிவிட்டது. தொழிற்சாலைச் சட்டையோடு உள்ளே வந்தாள். ரத்தம் சேரவில்லை என்று கேட்டதும் அப்பாவைப் பார்த்தாள். அவர் கண்ணால் வேண்டாம் என்றார். அவள் வருங்கால மாமியாருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு டாக்டரிடம் சொன்னாள்.

“அம்மாவுக்கு மைலோமா. கேன்சர். ரெண்டு வருஷமா டரா போடறாங்க. அதனாலதான் சேரலை.”

டாக்டர் போனை எடுத்துக்கொண்டு ஓடினாள். என் பழைய ஆஸ்பத்திரியில் பதிந்திருந்த விவரம் வந்தது. ரத்த அணுக்களுக்கு ஏதோ செய்து, மருந்தின் குழப்பம் இல்லாமல் பொருத்திப் பார்க்க வழி இருக்கிறதாம், அதையும் செய்தார்கள். மாலைக்குள் முதல் பை ஏறியது. காலையிலேயே ஏறியிருக்க வேண்டிய பை.

மூன்றாம் நாள் சம்பந்தி அம்மாள் வந்தார். கையில் பேரீச்சம்பழம் இல்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தவர், “எங்ககிட்ட சொல்லியிருக்கலாம்லக்கா” என்றார். அவருக்கு என்னைவிட இரண்டு வயது கூட, ஆனாலும் அக்கா என்றுதான் கூப்பிடுவார்.

“சொல்லியிருந்தா பொண்ணு பாக்க வந்திருப்பீங்களா?” என்று கேட்டேன்.

தன் வளையலைத் திருகியபடியே, “வந்திருக்க மாட்டோம்” என்றார். “இப்ப என்ன செய்யறதுன்னு வீட்ல பேசணும்.” அவர்கள் பேசி முடிக்க மூன்று வாரம் ஆனது. பையன் பிடிவாதமாக நின்றதால் கல்யாணம் நடந்தது. அது வேறு விஷயம். அந்த ஒரு வாரத்தில் பொய் சொல்லாத பெரியவர் அவர் ஒருவர்தான் என்பதால், அவர் மேல் எனக்குக் கோபமே வரவில்லை.

அவர் வெளியே போனதும், வாசலோரம் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த என் கணவர் கட்டிலின் பக்கம் வந்தார். மூன்று நாளாகத் தொங்கிப்போயிருந்த முகம் நிமிர்ந்திருந்தது.

“பாத்தியா? நான் அப்பவே சொன்னேன்ல” என்றார்.

நான் வாயைத் திறந்து ஏதாவது சொன்னால் மருந்து பேசுகிறது என்பார். அவர் சொன்னது சரிதான், சொல்லியிருந்தால் அவர்கள் வந்திருக்கவே மாட்டார்கள். நான் அந்தக் கட்டிலிலேயே செத்துப் போயிருந்தாலும் அவர் சொன்னது சரியாகவே இருந்திருக்கும்.