நான் நடித்த பாரிசவாதம்

பிள்ளைகளா, நீங்கள் சின்னவர்களாக இருந்தபோது, "எங்க அப்பா டொக்டர்மாருக்குப் படிச்சுக் குடுக்கிறாரு" என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிவிட்டு வந்தீர்கள். டீச்சர் நம்பவில்லை என்று மூத்தவள் அழுதாள். நீங்கள் சொன்னது பொய்யில்லை. ஆனால் அந்த வேலையில் ஒரு மனிதர் மேல் எனக்கு வந்த பொறாமையை மட்டும் நான் உங்களிடம் சொல்லவேயில்லை. இப்போது எழுதுகிறேன். எட்டாம் வகுப்போடு நின்றவனின் எழுத்து, பிழை இருந்தால் திருத்தி வாசியுங்கள்.

கண்டிப் பக்கம் ஒரு மருத்துவக் கல்லூரியில் நான் சிற்றூழியனாக இருந்தேன் என்பது உங்களுக்குத் தெரியும். வகுப்பறை கூட்டுவது, படுக்கை விரிப்பது, கதிரை அடுக்குவது, ஆஸ்பத்திரி வாட்டுக்கு ஆள் தேவைப்பட்டால் போய் டிரொலி தள்ளுவது, இதுதான் வேலை. கை கால் விழுந்த ஆட்களை எத்தனையோ பேரைத் தள்ளியிருக்கிறேன். வாய் எப்படிக் கோணும், கால் எப்படி வளைந்து வெளியே போய் வரும் என்று பார்த்துப் பார்த்து மனதில் பதிந்திருந்தது. ஒருநாள் கூட வேலை செய்தவனுக்கு ஒரு நோயாளி நடந்த விதத்தை நடந்து காட்டிக்கொண்டிருந்தேன். திரும்பினால் வாசலில் டொக்டரம்மா நிற்கிறார். யாழ்ப்பாணத்துக்காரர், மாணவர்களுக்குப் பாரிசவாதம், அதுதான் ஒரு பக்கம் கை கால் விழும் நோய், படிப்பிப்பவர். ஏச்சு விழப்போகிறது என்று நினைத்தேன்.

"அண்ணை, இதை என்ர பிள்ளையளுக்கும் செய்து காட்டுவீங்களோ?" என்று கேட்டார்.

மூன்று வாரம் எனக்குப் பழக்கினார். இடப்பக்கம்தான் என் நோய். இரண்டு கையையும் நீட்டிக் கண்ணை மூடச் சொன்னால், இடக்கை மெல்ல உள்ளே திரும்பிக் கீழே இறங்க வேண்டும். சிரிக்கச் சொன்னால் வலப்பக்க வாய் மட்டும் இழுபட வேண்டும். கால் எத்தனை அடி வைக்கும், எந்தக் கேள்விக்கு என்ன பதில், எல்லாம் பாடம். அதற்குப் பிறகு ஒவ்வொரு வியாழக்கிழமையும் பின்னேரம் சாரத்தைக் கட்டிக்கொண்டு கட்டிலில் படுப்பேன். மாணவர்கள் என்னைத் தொட முன்னர், "ஐயா, தொடலாமா?" என்று கேட்பார்கள். முடிந்ததும் கை கூப்புவார்கள். மற்ற ஆறு நாளும் அதே பிள்ளைகளின் காலடியில்தான் நான் கூட்டினேன். இந்த ஒரு பின்னேரத்துக்காகத்தான் அந்த ஆறு நாளும் எனக்கு ஓடியது.

இரண்டாம் வருடம் டொக்டரம்மாவுக்கு ஒரு யோசனை. நடிப்பவரிடம் படித்தால் நன்றாகப் படிப்பார்களா, உண்மையான நோயாளியிடம் படித்தால் நன்றாகப் படிப்பார்களா என்று பார்க்க வேண்டுமாம். மாணவர்களை இரண்டாகப் பிரித்தார். பாதிப் பேர் எனக்கு. மற்றப் பாதி, நெசமாகவே பாரிசவாத வருத்தம் வந்து ஓரளவு தேறிய ஒருவருக்கு. எட்டு வாரம் கழித்து எல்லோருக்கும் ஒரே சோதனை.

"எந்தப் பக்கம் கூடப் புள்ளி எடுக்குதோ, அடுத்த வருசம் அதைத்தான் வச்சிருப்பம், அண்ணை" என்றார்.

தோற்றால் என் வியாழக்கிழமை போய்விடும்.

அந்த மனிதர் அக்குறணைக்காரர், புடவைக்கடை வைத்திருந்தவர். ஒரு வருடத்துக்கு முன் அவருக்கும் இடப்பக்கம்தான் விழுந்தது. முஸ்லிம் அண்ணன்மாரைக் கூப்பிடுவது போல நான் அவரை நானா என்றேன், அவர் என்னைத் தம்பி என்றார். ஒரே அறை, நடுவில் ஒரு திரைச்சீலை. அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நான். அறையை ஒழுங்கு செய்வதும் நான்தான். அங்கே இரண்டு பக்கமும் கை சாய்த்து உட்காரலாம் என்கிற மாதிரி, கை வைத்த கதிரை ஒன்றே ஒன்று இருந்தது. அதை நான் என் கட்டிலுக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டேன். மாணவர்களுக்கு நடந்து காட்டிவிட்டு உட்கார எனக்கு வேண்டும் என்று எனக்கே ஒரு நியாயம் சொல்லிக்கொண்டேன். அவருக்கு வெறும் கதிரை. அதில் இருந்தால் அவருடைய இடக்கை மடியை விட்டுச் சரிந்து தொங்கும். வலக்கையால் தூக்கி மறுபடி மடியில் வைப்பார். ஒரு வகுப்புக்குள் பத்துத் தடவையாவது வைப்பார். திரைச்சீலை இடைவெளியால் அதைப் பார்த்துக்கொண்டுதான் நான் என் கதிரையில் சாய்ந்திருந்தேன்.

அவருக்குப் பாடம் எதுவும் இல்லை. கேட்டதற்கெல்லாம் வாய்க்கு வந்ததைச் சொன்னார், சிங்களத்திலும் தமிழிலும். துணி வெட்டும்போது கத்தரிக்கோல் கையை விட்டு விழுந்த கதையை எத்தனை தடவை சொன்னாரோ!

"கை தூங்கிட்டுது எண்டு நெனச்ச. எழும்பும் தானே எண்டு ஒரு மணித்தியாலம் பாத்துக்கொண்டு இரிந்த. பொஞ்சாதி கொத்தமல்லி அவிச்சித் தந்த, அதையும் குடிச்ச. அந்த ஒரு மணித்தியாலத்த எனக்கி ஆரு திருப்பித் தாற?"

இதைச் சொல்லும்போது சில நாள் காரணமில்லாமல் அழுவார், உடனே சிரிப்பார். அதுவும் அந்த வருத்தத்தின் குணம்தான் என்று டொக்டரம்மா விளக்குவார். மாணவர்களும் அவரோடு சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பு சீலையைத் தாண்டி வரும்போது என் பக்கத்துப் பிள்ளைகள் கழுத்தை நீட்டி அங்கே எட்டிப் பார்ப்பார்கள். நான் கோணிய வாயோடு படுத்திருப்பேன், என்னை யாரும் பார்க்க மாட்டார்கள். நம்புவீர்களோ தெரியாது, கை விழுந்த ஒரு மனிதரைப் பார்த்து, எனக்கும் அப்படி ஒன்று வந்திருந்தால் என்ன என்றுகூட ஒருநாள் நினைத்தேன். அவருக்கு நெசமாகவே வந்திருக்கிறது, எனக்கு வரவில்லை. இதில் நான் எப்படி அவரை வெல்வது?

சோதனைக்கு நோயாளி நான்தான். ஒரே நாளில் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே மாதிரி இருக்க நடிப்பவனால்தான் முடியும், நானா பாதியில் களைத்துவிடுவார். என் சாமர்த்தியத்தைக் காட்ட இதுதான் நாள் என்று எண்ணினேன். சோதனைக்கு முந்திய கிழமை அம்பிட்டிய வீட்டுக் கண்ணாடி முன் நான் முகத்தைக் கோணிக்கொண்டு நின்றதையும் நீங்கள் சிரித்ததையும் மறந்திருக்க மாட்டீர்கள். டொக்டரம்மா பழக்கியது போதாது, நானாவை விடப் பெரிய வருத்தமாகக் காட்டுவேன் என்று பழகினேன். வாய் மட்டுமில்லை, இடக்கண்ணும் பாதிக்கு மேல் மூடாது, இடப்பக்க நெற்றியும் அசையாது. முகத்தில் ஒரு பாதி கல் மாதிரி நிற்கும். அது எவ்வளவு கஷ்டம் தெரியுமா? எனக்கு அது வந்துவிட்டது.

சோதனை அன்று டொக்டரம்மா பக்கத்து அறையில் தாள்களை வாங்கிக்கொண்டிருந்தார். பிள்ளைகள் ஒவ்வொருவராக என்னிடம் வந்தார்கள். என் பக்கத்துப் பிள்ளைகள் கையைப் பார்த்து, வாயைப் பார்த்து, எழுதிக்கொண்டு போனார்கள். நானாவின் பக்கத்துப் பிள்ளைகள் அப்படிப் போகவில்லை. "நெற்றியைச் சுருக்குங்கள்" என்றார்கள். நான் வலப்பக்கம் மட்டும் சுருக்கினேன். மறுபடி சொன்னார்கள். பேனையைக் கடித்துக்கொண்டு நின்றார்கள். இதுகளுக்கு ஒன்றும் தெரியவில்லை என்று எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம்.

புள்ளி வந்தது. என் பக்கம் வென்றது. நானாவின் பிள்ளைகளில் பாதிக்கு மேல் பிழையாம், முகத்து நரம்பு என்றும் வேறு என்னென்னவோ என்றும் எழுதியிருந்தார்களாம். அடுத்த வருடம் நீங்கள்தான் அண்ணை என்றார் டொக்டரம்மா. அவருடைய முகத்தில் மட்டும் ஏதோ ஒரு யோசனை ஓடியது. நானாவிடம் இனி வரத் தேவையில்லை என்று அடுத்த கிழமை சொல்ல வேண்டும் என்றார். அன்று வீட்டுக்கு வரும்போது உங்களுக்குக் கேக் வாங்கி வந்தேனே, அது இதற்குத்தான்.

மறுநாள் ஒரு மாணவி டொக்டரம்மாவைத் தேடி வந்தாள். நானாவின் பக்கத்தில் படித்த சிங்களப் பிள்ளை. சோதனையில் என் இடப்பக்க நெற்றி அசையவில்லை, அதனால்தான் முகத்து நரம்பு என்று எழுதினோம் என்றாளாம். என்னையும் கூப்பிட்டார்கள். டொக்டரம்மா எனக்கும் விளங்கும்படி சொன்னார். பாரிசவாதத்தில் வாய் கோணும், ஆனால் நெற்றி இரண்டு பக்கமும் சுருங்கும். ஏனென்றால் நெற்றிக்கு மூளையின் இரண்டு பக்கமும் உதவி செய்கிறது. முகத்து நரம்பு கெட்டால்தான் நெற்றியும் சேர்ந்து நிற்கும். நானா சிரிக்கும்போதும் அழும்போதும் அவருடைய நெற்றி முழுவதும் சுருங்குவதை இந்தப் பிள்ளைகள் எட்டுக் கிழமை பார்த்திருக்கிறார்கள். என் நெற்றியை என் பக்கத்துப் பிள்ளைகள் பார்த்ததேயில்லை. வியாழக்கிழமைகளில் அங்கே பார்க்க நான் ஒன்றும் வைத்திருக்கவில்லை.

"ஐயா, அன்னைக்கு மாதிரி செய்ங்க" என்றாள் அந்தப் பிள்ளை, தெரிந்த தமிழில்.

டொக்டரம்மா பழக்கியபடி செய்திருந்தால் முடிந்திருக்கும். இரண்டு புருவத்தையும் தூக்கியிருந்தால், அவள்தான் பிழையாகப் பார்த்தாள் என்று ஆகியிருக்கும். என் வியாழக்கிழமை என்னிடமே இருந்திருக்கும். புருவத்தைத் தூக்கத்தான் மனம் வந்தது. அவள் என் நெற்றியையே பார்த்துக்கொண்டு நின்றாள். இப்போது நான் பொய் செய்தால் இந்தப் பிள்ளை இனி எந்த நோயாளியின் நெற்றியையும் நம்பிப் பார்க்காது. இவள் டொக்டராகப் போகிறவள். நீங்கள் பள்ளிக்கூடத்தில் சொன்னது எனக்கு நினைவுக்கு வந்தது.

இடப்பக்கத்தைக் கல் மாதிரி வைத்துக்கொண்டு வலப்பக்கத்தை மட்டும் சுருக்கினேன்.

டொக்டரம்மா கிட்ட வந்து என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். "ஏன் அண்ணை இப்பிடிச் செய்தனீங்கள்?" என்று கேட்டார்.

"நானாவ விட நல்லாச் செய்யணும்னு நெனச்சேன், மெடம்" என்றேன்.

அவர் ஏசவில்லை. ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். தாள்களைத் திரும்பத் திருத்தினார், நானாவின் பக்கம் முன்னுக்கு வந்தது. அடுத்த வருடம் வியாழக்கிழமை அவருக்கு என்று ஆனது. நான் சோதனை நாளில் மட்டும் நடிக்க வேண்டும், அதுவும் டொக்டரம்மா முதலில் என் முகத்தைப் பார்த்த பிறகு. பொறாமை அதோடு போய்விட்டது என்று எழுதினால் அது பொய். வெகு நாள் இருந்தது. இப்போதும் அக்குறணைப் பக்கம் பஸ் போகும்போது லேசாக வரும்.

தாள் திரும்பத் திருத்திய அந்த வாரம், வியாழக்கிழமை வகுப்புக்கு முன்னர் அறையைக் கூட்டப் போனேன். யாரும் வந்திருக்கவில்லை. திரைச்சீலையைக் கழற்றி மடித்து அலுமாரியில் வைத்தேன். கை வைத்த கதிரையைத் தூக்கிப் போய் நானா இருக்கும் இடத்தில் போட்டேன். அதில் ஒரு தடவை இருந்து பார்த்தேன். இடக்கையைச் செத்த கை மாதிரி விட்டால், கதிரையின் கை கொஞ்சம் தாழ்வாக இருந்தது. எழும்பிப் போய் என் கட்டில் தலையணையை எடுத்து வந்து, இரண்டாக மடித்து, கதிரையின் இடப்பக்கத்தில் வைத்தேன்.