லட்சுமிக்கு முகம் எழுத ஒரு காலை

லட்சுமியின் நாலு கைகளையும் எழுதி முடித்த அன்று எனக்கு அவள்மேல் நிஜமாகவே பொறாமை வந்தது. நாலு கை இருந்தும் ஒன்றில்கூடக் கரண்டி கிடையாது, பிள்ளை கிடையாது, ஈரத் துணி கிடையாது. இரண்டு கையில் தாமரை, ஒரு கையிலிருந்து பொற்காசு, இன்னொரு கை சும்மா அபயம் காட்டிக்கொண்டிருக்கிறது. மகராசி! என் இரண்டு கையில் ஒன்று சின்னவனைத் தூக்கிக்கொள்ளவே சரியாக இருந்தது. மற்றதில்தான் சமையலும் சித்திரமும்.

ஐம்பதுகளில் நாங்கள் ஓசூரில் இருந்தோம். என் வீட்டுக்காரருக்கு அங்கே பட்டுப்புழு ஆபீசில் குமாஸ்தா வேலை. மகள் இரண்டாம் வகுப்பு. சின்னவன் அப்போதுதான் நடக்கத் தொடங்கியிருந்தான். கைக்கு எட்டுகிற இடத்தில் எதையும் விட்டுவைக்க மாட்டான். நான் பெங்களூரில் ஓர் அச்சாபீஸுக்குக் காலண்டர் படம் எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். கல்யாணத்துக்கு முன்பே டிராயிங் ஹையர் பாஸ் செய்தவள். நாங்களோ வேதக்காரர்கள். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் முக்காடு போட்டு ஞானப்பாட்டுப் பாடிவிட்டுத் திங்கட்கிழமை முருகனுக்கு மயில் எழுத உட்காருவேன். பாதிரியார் வீட்டம்மா ஒருமுறை, "ஏம்மா, உனக்கு இது உறுத்தலையா?" என்று கேட்டார்கள். "மயிலைப் படைச்சதும் கர்த்தர்தானேம்மா," என்றேன். அவர்களும் சிரித்துவிட்டார்கள்.

எனக்கு உறுத்தியது வேறு. என் படங்கள் எல்லாம் பெயரில்லாமலே அச்சாகின. சலூனில், பஸ் ஸ்டாண்டு ஓட்டலில், மண்டியில் நான் எழுதிய சாமிகள் தொங்கும். கீழே கடைக்காரர் பெயர் கொட்டை எழுத்தில் இருக்கும். எழுதியவள் பெயர் எங்கும் இருக்காது. டீ குடிக்கிறவர்கள் தலைக்கு மேலே என் கிருஷ்ணன் வெண்ணெய் தின்பான், நான் வாசலில் நின்று பார்த்துவிட்டு வந்துவிடுவேன்.

அந்த வருஷம் அச்சாபீஸ் முதலாளி தானாகவே பேச்சை எடுத்தார். கன்னடமும் தமிழும் கலந்து பேசுகிற மனுஷர். "இந்த லட்சுமி பெரிய சைஸும்மா. சனிவாரம் என் கைக்கு வந்துட்டா மூலையில உங்க பேர் போடறேன். வரலேன்னா நம்ம ஆபீஸ் ஆர்ட்டிஸ்டுக்குக் குடுத்துடுவேன். பிள்ளைகுட்டிக்காரங்களை நம்பி மிஷினை நிறுத்த முடியாது பாருங்க," என்றார். கடைசியில் சொன்னது சுருக்கென்று தைத்தது. ஆனாலும் முதலில் சொன்னதைப் பிடித்துக்கொண்டு பஸ் ஏறினேன். அத்திப்பள்ளி தாண்டும்வரை மடியில் விரலால் என் பெயரை எழுதி எழுதிப் பார்த்தேன். தமிழில் போடச் சொல்வதா, இங்கிலீஷிலா என்று ஒரே குழப்பம்.

முகம்தான் எப்போதும் கடைசி. அதை ஒரே மூச்சில் எழுத வேண்டும். ஒரு கண்ணை இன்றைக்கும் இன்னொரு கண்ணை நாளைக்கும் எழுதினால் இரண்டும் இரண்டு பேரைப் பார்க்கும். அதற்கு ஒரு முழுக் காலை வேண்டும், வெளிச்சம் வேண்டும், யாரும் "அம்மா" என்று கூப்பிடாமல் இருக்க வேண்டும். வெளிச்சம்கூடக் கிடைத்துவிடும், மற்றதுதான் கஷ்டம். பக்கத்து வீட்டம்மா வியாழக்கிழமை காலை சின்னவனைப் பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார்கள். வெள்ளிக்கிழமை அவர்கள் சூளகிரியில் மகள் வீட்டுக்குப் போகிறார்கள். ஆக, லட்சுமியின் முகத்துக்கு வியாழக்கிழமை காலை என்று முடிவாகிவிட்டது.

புதன்கிழமை பள்ளிக்கூடம் விட்டு வந்த மகள் பையைக்கூடக் கழற்றவில்லை. "அம்மா, நாளைக்கு மனெ பண்ணிக்கிட்டு வரணுமாம். இன்ஸ்பெக்டர் வர்றாராம். டீச்சர் சொன்னாங்க."

பள்ளிக்கூடத்துக் கைவேலை வகுப்பைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். அந்தக் காலத்தில் பிள்ளைகளுக்குக் கையும் பழக வேண்டும் என்று எல்லாப் பள்ளிக்கூடத்திலும் தக்ளியில் நூல் நூற்க வைத்தார்கள், களிமண்ணில் மாம்பழம் பிடிக்க வைத்தார்கள், ஓலையில் கிலுகிலுப்பை பின்ன வைத்தார்கள். நல்ல விஷயம்தான், யார் இல்லை என்றது? ஆனால் கூலிக்குப் போகிற வீட்டுப் பிள்ளைகள் எல்லாம் தங்கள் கையால் கோணல்மாணலாகச் செய்து கொண்டு போயின. என் மகள் மட்டும் நான் செய்ததைத் தூக்கிக்கொண்டு போக வேண்டியிருந்தது. "உங்கம்மா டிராயிங்காமே, நல்லா செஞ்சு தரச் சொல்லு," என்று டீச்சர் அவளிடம் தனியாகச் சொல்லி அனுப்புவார். நான் செய்த களிமண் மாம்பழம் ஹெட்மாஸ்டர் மேஜைமேல் ஒரு வருஷம் இருந்தது. அதற்குக் காம்பு எழுதிய அரைநாளில் பிள்ளையாருக்கு ஒரு காதே எழுதியிருப்பேன்.

"நாளைக்கேவா? இன்னிக்கு வந்து சொல்றியே, முந்தியே சொல்றதுக்கு இன்னாடி?" என்று கத்தினேன்.

"டீச்சர் இன்னிக்குத்தாம்மா சொன்னாங்க. அழகா இருக்கணுமாம்."

அவளுக்கு முன்பல் இரண்டும் விழுந்திருந்தது. மனெ என்றாளா, மணெ என்றாளா என்று கர்த்தருக்கே வெளிச்சம். என் காதில் மணை என்று விழுந்தது. உட்காருகிற பலகை. டீச்சரம்மா ஆனேக்கல் பக்கத்துக்காரர், வீட்டில் கன்னடம் பேசுகிறவர். கன்னடத்தில் மனெ என்றால் வீடு. நான் கிருஷ்ணகிரிப் பக்கம் வளர்ந்தவள், எனக்குத் தெலுங்கு காதில் ஏறும், கன்னடம் கடைவீதியோடு சரி. அட, தமிழிலேயே மனை என்றால் வீடுதானே! வாத்தியார் மகளான எனக்கு அதுகூடத் தோன்றவில்லை. விடிந்ததிலிருந்து நின்றுகொண்டே இருந்தவளுக்கு உட்காருகிற பலகையைத் தவிர வேறு என்ன தோன்றும்?

என் வீட்டுக்காரர் மூக்கண்டப்பள்ளி ஆசாரி ஒருவரிடம் சைக்கிளில் போய்ப் புதுப் பலகை ஒன்று இழைத்து வாங்கி வந்தார். பொழுது சாய்வதற்குள் வெள்ளை பூசினேன். வியாழக்கிழமை காலை, பக்கத்து வீட்டம்மா சின்னவனை எடுத்துக்கொண்டு போன பிறகு, லட்சுமியின் முன்னால் உட்காரவேண்டிய நான் பலகையின் முன்னால் உட்கார்ந்தேன். கொஞ்ச நேர வேலை என்றுதான் நினைத்தேன். ஓரத்தில் கொடி போட்டேன். கொடி போட்டால் பூ போடாமல் இருக்க முடிகிறதா? நடுவில் இரண்டு கிளிகள். கை பிடித்தால் விட மாட்டேன் என்கிற புத்தி எனக்கு, அதை என்ன செய்வது. மகள் பெருமையாக அப்பாவின் சைக்கிள் பின்னால் பலகையை அணைத்துக்கொண்டு உட்கார்ந்து போனபோது வெயில் ஏறிவிட்டது. பக்கத்து வீட்டம்மா சின்னவனைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். லட்சுமி முகமில்லாமல் சுவரில் சாய்ந்திருந்தாள்.

சாயந்தரம் மகள் வெறுங்கையோடு அழுதுகொண்டே வந்தாள்.

"மணெ இல்லியாம்மா. மனெயாம். வீடு. அல்லாரும் வீடு செஞ்சுக்கிட்டு வந்திருந்தாங்க. என்னப் பாத்து அல்லாரும் சிரிச்சாங்க."

"பலகை எங்கடி?"

"டீச்சர் எடுத்துக்கிட்டாங்க. ரொம்ப நல்லா இருக்காம், சாமி மேடைக்கு வேணுமாம். நாளைக்கு வீடு கொண்டு வரச் சொன்னாங்க. இன்ஸ்பெக்டர் நாளைக்குத்தான் வர்றாராம்."

கத்தினேன். பலகையை, பள்ளிக்கூடத்தை, கன்னடத்தை, இரண்டு சுழி மூன்று சுழி வைத்தவனை, எல்லாரையும் வாயில் வந்தபடி திட்டினேன். மகள் கதவோரம் நின்று மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தாள். என் வீட்டுக்காரர் ஆபீஸிலிருந்து வந்து விஷயத்தைக் கேட்டுவிட்டு, "நீ கம்முனு படத்தை எழுது. வீட்டை நான் பண்றேன்," என்றார். பாவம், நல்ல மனுஷர். வெள்ளிக்கிழமை விடிந்ததும் சோப்பு டப்பாவை வெட்டி, கோந்தைக் கொட்டி, கூரைக்கு ராகி வைக்கோல் ஒட்டப் பார்த்தார். சுவர் ஒரு பக்கம் போனது, கூரை ஒரு பக்கம் போனது. சின்னவன் தலைமயிரில் கோந்து. மகள் அதைப் பார்த்து மறுபடியும் உதட்டைப் பிதுக்கினாள்.

"தள்ளுங்க அப்பால," என்று நானே உட்கார்ந்துவிட்டேன். வீடு நன்றாகத்தான் வந்தது. ஜன்னலுக்குக் கம்பிகூட வைத்தேன். அந்த இன்ஸ்பெக்டர் வரவே இல்லை என்பதைப் பின்னால் தெரிந்துகொண்டேன். அவருக்கு என்ன, ஜீப் சூளகிரியோடு திரும்பிவிட்டதாம்.

வெள்ளிக்கிழமை மத்தியானம்தான் லட்சுமிக்கு வந்தேன். வெளியே ஓசூர்த் தூறல். ஜன்னலோரம் படத்தைச் சாய்த்து, சின்னவனை ஒரு காலால் ஆட்டித் தூங்கவைத்துக்கொண்டே, மறு தொடையில் வர்ணக் கிண்ணத்தை வைத்துக்கொண்டு எழுதினேன். அவன் தூங்கினான், விழித்தான், மறுபடி தூங்கினான். வலது கண் எழுதும்போது பால்காரம்மா வந்தாள். இடது கண் எழுதும்போது மகள் வந்து பசிக்கிறது என்றாள். முடித்துவிட்டுத் தள்ளி நின்று பார்த்தேன். மூக்கு சரி, உதடு சரி, அளவு எல்லாம் சரி. ஆனால் அந்தக் கண்கள் யாருக்கும் எதுவும் கொடுக்கிற நிலையில் இல்லை. இமை லேசாகச் சரிந்திருந்தது. உதட்டில் சிரிப்பு இருந்தது, வந்தவர்களுக்காகச் சிரிக்கிற சிரிப்பு. அழித்து எழுத வெளிச்சம் இல்லை, என்னிடம் தெம்பும் இல்லை. மகள் பக்கத்தில் வந்து நின்று வெகுநேரம் படத்தைப் பார்த்தாள். "நல்லா இருக்கும்மா," என்றாள். போய்ச் சோறு வடித்தேன்.

சனிக்கிழமை முதல் பஸ்ஸில் சின்னவனை இடுப்பில் வைத்துக்கொண்டு நானே கொண்டு போனேன். முதலாளி படத்தை மேஜைமேல் நிறுத்தி, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"கை பிரமாதம். தாமரை பிரமாதம்," என்றார். அப்புறம் தாடையைச் சொறிந்தார். "மொகம்தான்... தப்பா நெனைக்காதீங்கம்மா. லட்சுமி ராத்திரியெல்லாம் தூங்காத மாதிரி இருக்கா. கடையில மாட்டற படம். காலையில கல்லாவைத் திறக்கிறவன் இந்த மொகத்துலயா முழிப்பான்?"

"திங்கட்கிழமை வரைக்கும் விடுங்க. மொகத்தை மட்டும் எடுத்துட்டு வேற எழுதித் தரேன்," என்றேன். கெஞ்சினேன் என்றே சொல்லலாம்.

"மிஷின் நிக்குதேம்மா. நம்ம ஆர்ட்டிஸ்ட் கொஞ்சம் டச் பண்ணிக்குவார், விடுங்க."

"பேரு?"

"அது போடறேன். நான் குடுத்த மாத்து மாத்துதான்."

கன்னடத்தில் மாத்து என்றால் பேச்சு, வாக்கு. அவர் அந்த அர்த்தத்தில்தான் சொன்னார். என் தமிழ்க் காதில் அது மாற்றுவது என்றே விழுந்தது. இந்த முறை கேட்டதில் தப்பில்லை என்று எனக்கு அப்போது தெரியாது. சின்னவன் அழ ஆரம்பித்தான். எழுந்து வந்துவிட்டேன்.

ஜனவரி பிறந்து கொஞ்ச நாளில் மகளோடு மளிகைக் கடைக்குப் போயிருந்தேன். கல்லாவுக்கு மேலே புதுக் காலண்டர் தொங்கியது. நாலு கை, தாமரை, குளம், இரண்டு பக்கமும் யானை. மகள்தான் முதலில் பார்த்தாள். மூலையில் இருந்ததை எழுத்துக்கூட்டி வாசித்தாள். பிறகு கடையே திரும்பிப் பார்க்கும்படி கத்தினாள். "அம்மா பேரு! எங்கம்மா பேரு போட்டிருக்கு! இது எங்கம்மா எழுதின படம்!"

கடைக்காரர் எழுந்து நின்று காலண்டரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "நீங்களா எழுதினது? அடேயப்பா, இன்னா களை, இன்னா களை! காலையில அந்த மொகத்தைப் பாத்தாலே மனசு குளுந்து போவுதும்மா," என்றார். எனக்கென்று ஒன்று சுருட்டிக் கொடுத்தார்.

நானும் பார்த்தேன். மாவில் பிடித்த மாதிரி வழவழவென்று ஒரு முகம். கன்னத்தில் ரோஜா நிறம். கண் இரண்டும் மின்னின. டச் பண்ணவில்லை, கழுத்துக்கு மேலே மொத்தமும் வேறு ஆளுடையது. அதற்குக் கீழே, நான் மடியில் எழுதிப் பார்த்த அதே பெயர், அழகான தமிழ் எழுத்தில். ஆமாங்க, நான்தான் எழுதினேன் என்று கடைக்காரரிடம் சொன்னேன். வேறு என்ன சொல்வது?

வெளியே வந்தோம். கொஞ்ச தூரம் போனதும் மகள் என் கையிலிருந்த சுருளை வாங்கிப் பிரித்துப் பார்த்தாள். அவளும் கண்டுகொண்டாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அந்தக் கடையில் என் லட்சுமியின் முகத்தைப் பார்த்திருந்தது நாங்கள் இரண்டு பேர்தான்.

"அம்மா, நீ எழுதின மொகம் உன்ன மாதிரியே இருந்துச்சே," என்றாள். "அதனாலதான் அவங்க வேணாம்னு சொல்லிட்டாங்களா?"

காலண்டரை அவள் கையிலிருந்து வாங்கி, முகம் உள்ளே போகும்படி சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டேன்.